சூசைதாசன் வாக்குக் கொடுத்த பல்ப்

சூசைதாசனிடம் ஒரு பொருளைக் கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர் எவரும் இல்லை. ஸ்ட்ரெதமில் இருக்கும் யூதர் ஆலயம் ஒன்றின் கலியாண மண்டபத்தில் இருபத்திரண்டு வருடமாகக் காவல்காரர், துப்புரவாளர், மின்சாரக்காரர், கதிரை அடுக்குகிறவர் எல்லாம் அவரேதான். மன்னார்க் கத்தோலிக்கர். ஆனாலும் ஆலயத்துக்குள் தலையை மூட மாப்பிள்ளையின் நண்பனிடம் தொப்பி இல்லையென்றால் சூசையின் சட்டைப் பையில் ஒன்று இருக்கும். "மிஸ்டர் சூசை, ஹாவ் யூ..." என்று ஆலயத்தின் குருவான ராபி தொடங்கும்போதே, என்ன பொருள் என்று கேளாமல், "ஹாவ்" என்று சொல்லிவிடுவார்.

அந்த "ஹாவ்" முழுவதும் நோர்பரியில், அவருடைய வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே உள்ள அலுமாரியில் அடைந்து கிடந்தது. மனைவி மேரிசாந்தி அதைத் திறக்குமுன் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வாள். ஒருமுறை தலையில் தையல் மெஷின் விழுந்திருக்கிறது.

அலுமாரியின் பெருமை ஒரு பெட்டி பழைய பல்ப். யூதர் கலியாணத்தின் முடிவில் மாப்பிள்ளை ஒரு கிளாசைத் துணியில் சுற்றிக் காலால் மிதித்து உடைக்க வேண்டும். சில வீட்டுக்காரர் கிளாசுக்குப் பதில் பல்ப் வைப்பார்கள். மெல்லிய கண்ணாடி, மிதித்ததும் சீனவெடி மாதிரிச் சத்தம். அந்தப் பல்ப் கடைகளில் அருகத் தொடங்கியபோதே சூசை பெட்டியோடு வாங்கிப் பதுக்கிவிட்டார். கலியாணத்துக்கு ஒன்று, அதற்கு மேல் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, வருகிற ஞாயிறு நடக்கவிருந்த கலியாணத்தில் பெண்ணின் தாய் திருமதி றோஸ்மன் மண்டபத்துக்கு வந்தார். மூத்த மகளின் கலியாணத்தில் பெரிய கடையொன்றில் தேடி வாங்கிய தடித்த கிளாசை வைத்தார்களாம். முதல் மிதிக்கு அது வழுக்கிப் போய் ஒரு மாமாவின் முழங்காலைப் பதம் பார்த்தது. மூன்றாவது மிதிக்குத்தான் உடைந்தது. ஏழாவது மாதம் கலியாணமும் உடைந்தது. இப்போது இளையவள். மாப்பிள்ளையோ கால்பந்து விளையாடி வலது கணுக்காலை முறித்து, முழங்கால் வரை பிளாஸ்டிக் பூட்சோடு நொண்டுகிறான்.

"கிளாஸ் என்ற பேச்சே வேண்டாம், மிஸ்டர் சூசை. பல்ப். முதல் மிதியிலேயே உடைய வேண்டும்" என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சூசை நெஞ்சில் கைவைத்து வாக்குக் கொடுத்தார்.

ஞாயிறு மத்தியானம், மண்டபத்துக்குக் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்ததெல்லாம் பளபளவென்று புதிய எல்.ஈ.டி. பல்ப். ஒன்றை நாப்கினில் சுற்றி மிதித்தார். அது உருண்டது. இரண்டு காலாலும் ஏறிக் குதித்தார். குதிக்கால்தான் நொந்தது. வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"இஞ்சேரும், பல்ப் பெட்டிக்கை என்ன வைச்சனீர்?"

"கவுன்சில் சும்மா தந்த புதுப் பல்ப். பழசு எல்லாத்தையும் போன கிழமை ரீசைக்கிளிங்குக்குக் குடுத்திட்டன். ஏனப்பா?"

ஏனென்று சொன்னார். சொல்லும்போது கத்தவும் முடியவில்லை. பக்கத்து அறையில் மணப்பெண் காலையிலிருந்து உபவாசம் இருந்து மன்றாடிக்கொண்டிருந்தாள்.

"இப்ப வீட்டிலை ஒரு பழைய பல்ப்பும் இல்லையோ?"

மறுமுனையில் செருப்புச் சத்தம் முன்னறைப் பக்கம் போனது.

"ஒண்டு எரிஞ்சுகொண்டிருக்குது" என்றாள் மேரிசாந்தி.

சூசைக்கு விளங்கிவிட்டது. முன்னறையில் திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரியும் சின்னச் சிவப்புப் பல்ப். வீட்டுக்கு வந்த நாள் தொட்டுப் பதினாலு வருடமாக அணையாதது. மகன் நிஷாந்த் மூன்றாம் தரத்திலாவது டிரைவிங் டெஸ்ட் பாஸ் பண்ணியதும் அதன் புண்ணியத்தால்தான் என்பது மேரிசாந்தியின் நம்பிக்கை.

"அதைத் தொடாதையும். ஆண்டவற்றை பல்ப்பை ஆரேன் காலாலை மிதிக்கிறதோ?"

"கானாவூரிலை ஆண்டவர் ஆற்றை கலியாணத்துக்குப் போனவர்? இதே யூதற்றை கலியாணத்துக்குத்தானே. அங்கை திராட்சை இரசம் முடிஞ்சுது, தண்ணியை இரசமாக்கிக் குடுத்தவர். இஞ்சை பல்ப் முடிஞ்சுது. குடுக்கமாட்டன் எண்டு சொல்லுவாரோ? நான் கழட்டிக்கொண்டு வாறன்."

போன் வைக்கப்பட்டது. 109 பஸ் கையோடு கிடைத்தால் இருபது நிமிடம்.

சூசை அன்றுதான் ஒரு கலியாணம் ஆறுதலாக நடக்க வேண்டுமென்று ஆசைப்பட்டார். மற்ற நாட்களில் எப்போது முடியும், எப்போது கதிரை அடுக்கலாம் என்று நிற்கிற மனிதர். அன்று பார்த்து எல்லாம் வேகம். பெண் மாறிவிடவில்லை என்று மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துத் தன் கையால் முக்காடு போடுகிற சடங்கு அரை நிமிடத்தில் முடிந்தது. நாலு கம்புகளில் கட்டிய வெள்ளை விதானத்தின் கீழ் அவன் நொண்டிப் போய் நின்றான். பெண் அவனை ஏழு தரம் சுற்ற வேண்டும். திருமதி றோஸ்மன் மகளின் கையைப் பிடித்துக் கூடவே சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் கதவடிக்கு நேரே வரும்போது சூசையைப் பார்த்தார். பல்ப் இருக்கிறதா என்று கண் கேட்டது. இருக்கிறது என்று சூசை தலையாட்டினார். ஏழு சுற்று, ஏழு பொய். குருவானவரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் எண்ணிக்கையும் சொல்ல வேண்டும்.

இரசம் குடித்தார்கள். கல் பதிக்காத மோதிரத்தைப் பெண்ணின் சுட்டுவிரலில் போட்டான். கலியாணப் பத்திரத்தைப் பழைய மொழியில் ராபி வாசித்த வாசிப்பு, யாரோ பின்னால் துரத்துவது போலிருந்தது. மிஞ்சியது ஏழு ஆசீர்வாதங்கள். நல்ல வேளையாக நாலாவதைப் பாட வந்த கிழவனாருக்கு இருமல் வந்தது. சூசைக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

ஆறாவதில் பின்கதவு திறந்தது. கோவிலுக்குக் கட்டும் சேலைக்கு மேல் குளிர்க்கோட்டுப் போட்டு, மூச்சிரைக்க மேரிசாந்தி நின்றாள். பொத்திய கையை விரித்தாள். உள்ளங்கைச் சூட்டில் பல்ப் இளஞ்சூடாக இருந்தது.

சூசை அதை நாப்கினில் சுற்றி ராபியிடம் கொடுத்துக் காதில் சொன்னார்: "சிவப்பு."

"உடையுமா?"

"உடையும்."

மாப்பிள்ளை பூட்ஸ் காலை ஊன்றி இடது காலைத் தூக்கினான். சரிந்தான். பெண் அவனுடைய முழங்கையைப் பிடித்து நிமிர்த்தினாள். திருமதி றோஸ்மன் கண்ணை மூடிக்கொண்டார். சூசையும் மூடிக்கொண்டார்.

ஒரே மிதி. டப்பென்றது.

"மஸல் டொவ்" என்று மண்டபம் வாழ்த்தி முழங்கியது. மேரிசாந்தி தன்னையறியாமல் சிலுவை போட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். திருமதி றோஸ்மன் கூட்டத்தை விலக்கி வந்து சூசையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் கழித்து நாப்கினை விரித்துப் பார்த்தவர், சிவப்புப் பல்ப் எங்கே கிடைத்தது என்று கேட்டார்.

"வீட்டில் இருந்தது" என்றார் சூசை. அது பொய்யில்லை.

விருந்து முடிந்து கதிரையும் அடுக்கியபின் இருவரும் பல்ப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா ஏனப்பா உடைக்கினம்? எங்கடை வீட்டிலை எண்டால் கை தவறி ஒரு கோப்பை உடைஞ்சாலும் அழுவினமே" என்றாள் மேரிசாந்தி.

"அவையின்ரை பெரிய கோவிலை முந்தி ஆரோ இடிச்சுப் போட்டாங்களாம். எவ்வளவு சந்தோசத்திலையும் அதை மறக்கக் கூடாதெண்டு உடைக்கினமாம்."

மேரிசாந்தி ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள். அவர்களுடைய கலியாணம் தொண்ணூற்றைந்தில், போருக்கு ஓடிப்போய்த் தங்கிய மடு அகதி முகாமில் நடந்தது.

"நல்ல வழக்கம்தான்" என்றாள். "எங்கடை கலியாணத்திலை உடைக்கிறதுக்கு ஒண்டும் மிச்சம் இருக்கேல்லை."

சூசை அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் ஸ்ட்ரெதம் பஸ் நிறுத்தத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. பஸ் வருவது தெரிந்ததும் அவள் கையை விடுவித்துக் கார்டைத் தேடினாள்.

"வீட்டை போனவுடனை அந்தக் கவுன்சில் பல்ப்பிலை ஒண்டைப் பூட்டிவிடுங்கோ. ஆண்டவர் கொஞ்ச நாளைக்கு வெள்ளையா இருக்கட்டும்."