அந்தோணியாருக்குப் போன டிப்ஸ்

நான், என் வீட்டுக்காரர், எங்கள் பழைய சமையல் மாஸ்டர் ராயப்பன், தவசியின் மனைவி பஞ்சவர்ணம், மகள், மருமகன், தெருக்காரர்கள் நாலைந்து பேர்... நேற்று கன்னிவாடியில் தவசி தம்பியை வழியனுப்ப இருந்தவர்கள் இவ்வளவுதான்.

நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரி போவதற்குள்...

தொண்ணூறுகளில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நாங்கள் ஹோட்டல் நடத்தியபோது அவர் சப்ளையர். "செத்த நேரம் பொறுங்கண்ணே, தோசை இப்பத்தேன் கல்லுல படுத்திருக்கு, எழுப்பிக் கூட்டியாரேன்" என்பார். பசியோடு வந்தவரும் சிரித்துவிடுவார்.

கணக்கு என் பொறுப்பு. எட்டாவதோடு நின்றவள், நானாகவே கற்றுக்கொண்டது. கல்லாவில் துண்டு விழுந்தால் சப்ளையர்களின் டிப்ஸ் டப்பாவில் எடுத்துச் சரிக்கட்டுவேன். நான் போட்ட சட்டம்.

"அது சாப்பிட வந்தவுக எங்களுக்குக் குடுத்ததுக்கா. கல்லாவ நாங்க தொடுறதுகூட இல்லையே."

"கணக்குன்னா கணக்குதான் தம்பி."

அதற்குப் பிறகு யாராவது டேபிளில் காசு வைத்தால், எனக்குக் கேட்கும்படியே சொல்வார்: "என் பையில போடுங்க சார், இங்க வச்சா கல்லா தின்னுரும்."

செவ்வாய்க்கிழமைதான் கணக்கு அதிகம் உதைக்கும். கடைசியில்தான் தெரிந்தது... என் வீட்டுக்காரர் செவ்வாய்தோறும் அந்தோணியார் கோயில் காணிக்கையைக் கல்லாவிலிருந்து எடுத்துப் போயிருக்கிறார், சீட்டு வைக்காமல். "சாமிக்குப் போறதுக்கு என்ன சீட்டு?" என்றார். நேர்ந்துகொண்டவள் நான். வீட்டுப் பணத்தில் போடுகிறார் என்றே நினைத்திருந்தேன்.

தவசி விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப இம்புட்டு நாளும் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்துனது நாங்கதேன்!" பிறகு மெதுவாக, "எங்க காசத் திருப்பிக் குடுங்கக்கா. பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும்."

"சாமிக்குப் போட்டதத் திருப்பிக் கேப்பாங்களா? உங்களுக்கும் ஆசீர்வாதம்தானே தம்பி" என்றேன்.

நான்தான் சொன்னேன்... ஜெபமாலை கையில் இருந்தது.

மறு மாதமே ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போய்விட்டார். பிறகு எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, அந்தோணியார் சௌக்கியமா?" நானும் சிரித்துவிட்டு நடந்துவிடுவேன்.

நேற்று பஞ்சவர்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போய் வாங்க தவசி தம்பி.

பாப்பா, நீ போனில் இதைப் பார்ப்பாய் என்றுதான் இங்கே எழுதுகிறேன். அப்பாவின் டிப்ஸ் பங்கை எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கொண்டு வரலாமா? அம்மா வாங்கிக்கொள்வாரா என்று கேட்டு, சீக்கிரம் ஒரு பதில் போடும்மா.