விவசாயி பெயர் என்ற கட்டம்

தன் பெயரை எழுத வேண்டாம் என்று அந்த அக்கா என்னிடம் இரண்டு தடவை சொன்னார். பாகூர் ஏரிப் பாசனத்தில், வாய்க்காலை ஒட்டிய ஒன்றரைக் காணி வயலின் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். என் மடியில் ஒரு படிவம். அதன் முதல் கட்டம் 'விவசாயி பெயர்'. "நெலத்துக்காரரு பேரப் போட்டுடும்மா. எம்பேரு இன்னாத்துக்கு?" என்றார். கையெழுத்துப் போடும்போது மறுபடியும் அதையே சொன்னார். நான் கேட்கவில்லை. நியாயம் செய்கிறோம் என்ற நினைப்பு தலைக்கேறிவிட்டால் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். அன்றும் அடைத்துக்கொண்டது.

நெல்லுக்கு நாடு முழுவதற்கும் பொதுவாக ஒரு சான்றிதழ்த் தரநிலை எழுதிக்கொண்டிருந்த காலம் அது. தண்ணீரை வீணாக்காமல், மண்ணைக் கெடுக்காமல், வேலை செய்பவர்களை வஞ்சிக்காமல் விளைந்த நெல் என்று சொல்வதற்கான விதிகள். வரைவு எழுதிய குழுவில் நான் கடைசி ஆள் என்பதால், விதிகள் வயலில் செல்லுபடியாகுமா என்று பார்த்துவர என்னைப் பாகூருக்கு அனுப்பினார்கள். வயலில் துளை போட்ட பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து, அதற்குள் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் மறுபடி பாய்ச்ச வேண்டும் என்பது ஒரு விதி. சோதனைக்குச் சேர்ந்த மற்ற விவசாயிகள் நான் வரும் நாளில் மட்டும் குழாயை எட்டிப்பார்த்தார்கள். அக்கா தினமும் காலையில் ஈர்க்குச்சியை விட்டு அளந்து, மகளின் பழைய பள்ளி நோட்டில் எழுதிவைத்தார். எந்த உரம், என்றைக்கு, எத்தனை ஆள், எல்லாம் அதில் இருந்தது. என் அலுவலகத்தில்கூட அப்படி ஒரு பதிவேடு கிடையாது.

நிலம் அவருடையதல்ல. நிலத்துக்காரர் புதுச்சேரி டவுனில் இருந்தார். வாய்ப்பேச்சில் குத்தகை, போகத்துக்குப் போகம் நெல்லை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. பதினோரு வருடமாக உழுததும் நட்டதும் அறுத்ததும் அக்காதான். அவர் பெயரை எழுதாமல் வேறு யார் பெயரை எழுதுவது? எழுதினேன். சர்வே எண்ணையும் சேர்த்து, அழகாக.

கருத்துக் கேட்புக் கூட்டம் வில்லியனூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சோதனை வயல்களின் பட்டியலைத் திரையில் போட்டேன். நிலம் வைத்திருப்பவர்களையும் அழைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "மேடம், அந்த சர்வே நம்பரு என்னுது. பேரு மட்டும் வேற யாருதோ இருக்குது. இது கவருமெண்டு ரெக்கார்டா?" என்று நிதானமாகக் கேட்டார். பயிர் வைத்ததற்கு எழுத்து ஒன்று இருந்துவிட்டால் குத்தகைக்காரி நாளைக்கு உரிமை கேட்பாள் என்ற பயம் அவருக்கு. கரிக்கலாம்பாக்கம் பக்கம் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்தன. அவர் ஒரு போன் போட்டால் போதும், அந்த ஒன்றரைக் காணியிலும் மனைக்கல் நட்டுவிடுவார்கள். கையோடு கொண்டுவந்திருந்த அக்காவின் நோட்டைத் தூக்கிக் காட்டி, இவர்தான் விவசாயி என்று சொல்லிவிட வாய் துடித்தது.

அதற்குள் பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்துவிட்டார். "நான் கூலிக்குப் போறவ ஐயா. இந்தம்மா தெரியாம எழுதிட்டாங்க" என்றவர் என்னைப் பார்த்தார். அது கெஞ்சல் இல்லை, வாயைத் திறந்தால் தெரியும் என்கிற பார்வை. "ஆமாம், தவறு என்னுடையது" என்று மைக்கில் சொன்னேன்.

நிலத்துக்காரர் அதோடு விடவில்லை. அக்கா தன்னிடம் தினக்கூலிக்கு வேலை செய்பவர், நிலத்தில் எந்தப் பாத்தியதையும் இல்லாதவர் என்று எழுத்தில் வேண்டும் என்றார். "நீங்களே எழுதுங்க மேடம். உங்க எழுத்து தெளிவா இருக்குது." பந்தி மேசையில் வைத்து எழுதினேன். அக்கா எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து நான் அழுதேன், அவர் அழவில்லை. "நாத்து விட்டாச்சு, நடவுக்கு ஆளு சொல்லிட்டேன். நெலம் நின்னுச்சா இல்லியா? அத்தப் பாரும்மா" என்றார்.

அந்த ஆத்திரத்தோடு குழுவில் சண்டை போட்டேன். பட்டா யார் பெயரில் இருந்தாலும் பயிர் செய்பவரே விவசாயி என்ற வரி தரநிலையில் ஏறியது. 'எதிரான எழுத்துச் சான்று இல்லாதவரை' என்று அதற்கு ஒரு வால் சேர்த்தார்கள். ஒத்துக்கொண்டேன். பந்தி மேசையில் எழுதிய காகிதம் அப்போது என் நினைவுக்கு வரவேயில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எனக்கே சில நாள் நம்பிக்கை வருவதில்லை.

இந்த வருடம் பாகூரில் முதல் தணிக்கை. குழுவின் சார்பில் நானும் கூடப் போனேன். சான்றிதழ் பெற்ற நெல்லுக்கு விலை கூடும் என்றதும் நிலத்துக்காரர் தன் பெயரில் விண்ணப்பித்துவிட்டார். கூடவே அந்தக் காகிதம், லேமினேஷன் செய்து. அக்காவின் நோட்டு நிலத்துக்காரரின் பதிவேடாகியிருந்தது. அறுத்த வயலின் வரப்பில் நிலத்துக்காரர் குடை பிடித்து நிற்க, தணிக்கையாளர் காகிதத்தைப் படித்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். அது என் எழுத்து என்று நான் சொல்லவில்லை. அதில் இருப்பது பொய் என்றும் சொல்லவில்லை. சொன்னால் அக்காவுக்கு அடுத்த போகம் இல்லை.

தணிக்கையாளர் தொழிலாளர் நலன் என்ற பக்கத்தைத் திருப்பினார். வேலை செய்பவர்களை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்று நான் வாரக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய கேள்விகள் அதில் இருந்தன.

"கூலியெல்லாம் ஒழுங்கா குடுக்கறாராம்மா?"

"குடுக்கறாரு தம்பி. ஒரு கொறையும் இல்ல" என்றார் அக்கா.

அந்தப் போகத்துக் குத்தகை நெல்லை முந்தின நாள்தான் அவர் டவுனில் நிலத்துக்காரர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்திருந்தார்.