நெல்டாவின் பாட்டைத் திருத்தப் போனவர்

பாடகர் டாயல் ஹாக்கட்டுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பாட்டுதான் ஓடியது. அதுவும் கலப்படமில்லாத பொய். ‘நெல்டா, கதவைச் சாத்தாமல் போனவளே’ என்ற அந்தப் பாட்டில் மனைவி வேறொருவனோடு ஓடிப்போவாள், கணவன் கிடாரைக் கட்டிக்கொண்டு அழுவான். நிஜத்தில் ஓடியவர் டாயல்தான். வீட்டிலிருந்த ஒரே காரையும் எடுத்துக்கொண்டு பாடகர்கள் பேர் தேடிப் போகும் நாஷ்வில் நகரத்துக்குப் போய்விட்டார். மனைவி நெல்டா எங்கேயும் போகவில்லை. டெக்ஸஸில் அதே சின்ன ஊரில் தபால் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாக ஸ்டாம்பு வாங்க வந்தவர்கள்கூட அந்தப் பாட்டை முணுமுணுத்துவிட்டுத்தான் போனார்கள். கண்ணெதிரே இருந்தவரை விட்டுவிட்டு ஊர் பாட்டையே நம்பியது.

டாயலுக்குப் புகழ் போய்க் குடி வந்தது. பிறகு குடியும் போய், மாட்டுத் தீவன லாரி ஓட்டும் நல்ல மனுஷராக மிஞ்சினார். ஊர் நடனக் கொட்டகையின் ஆண்டு விழாவுக்குப் பாடக் கூப்பிட்டபோது உடனே சரி என்றார். நெல்டா வருவார். ஊரே கேட்க, பாட்டின் வார்த்தையை மாற்றிப் பாடி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அது ஒன்றுக்காகத்தான் வந்தார். ‘கதவைச் சாத்தாமல் போனது நான்தானே’ என்று லாரியில் போகும் வழியெல்லாம் பாடிப் பழகியிருந்தார்.

விருந்து மேஜையருகே நெல்டா அவரைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இரண்டாவது கணவர் ஆர்வில், தட்டு நிறையச் சுட்ட மாட்டிறைச்சியோடு.

“அந்தப் பாட்டப் பாடித்தான் ஆகணுமா?”

“இந்த ஒரு தடவதான், நெல்டா. இன்னிக்கு வேற மாதிரி பாடப் போறேன்.”

“எப்படிப் பாடினாலும் எம் பேருதானே நாறப்போகுது!”

ஆர்வில் தன்பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தார். அவர் அப்படித்தான்.

டாயல் மேடையேறினார். முதல் அடிகள் நன்றாகவே போயின. பல்லவி வந்ததும் மனுஷர் மறந்தே போயிருந்த சங்கதி நடந்தது. அந்தக் கொட்டகையில் பல்லவியைப் பாடகர் பாடுவதில்லை, கூட்டம்தான் பாடும். பூட்ஸ் காலால் தரையைத் தட்டிக்கொண்டு, “நெல்டா, கதவைச் சாத்தாமல் போனவளே!” என்று அத்தனை பேரும் கத்தினார்கள். டாயலின் புது வார்த்தை அவர் காதுக்கே எட்டவில்லை. நெல்டா தலையைக் குனிந்துகொண்டார். உதவி செய்யப் போய் உபத்திரவமாகிவிட்டது.

டாயல் கிடார் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினார்.

“நிறுத்துங்க! நெல்டா ஓடிப் போகல. ஓடினது நான். பாட்டு மொத்தமும் பொய்.”

“திரும்பக் குடிக்க ஆரம்பிச்சுட்டான்டா!” என்றது பின்வரிசை. சிரிப்பு.

“சொட்டுக்கூட இல்ல. அவ மேல ஒரு தப்பும் இல்ல. காசுக்காகப் பேரக் கெடுத்தேன்.”

சிரிப்பு அடங்கியது. எல்லோரும் நெல்டாவைப் பார்த்தார்கள்.

நெல்டா எழுந்தார். “சொல்லி முடிச்சாச்சா?”

“முடிச்சுட்டேன். என்னை மன்னி...”

“அதெல்லாம் நான் மெதுவா யோசிச்சுக்கறேன். ஜனங்க ஆட வந்திருக்காங்க. ஒரு வால்ட்ஸ் வாசி. எம் பேரு இல்லாததா.”

ஆர்விலின் தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவரை இழுத்துக்கொண்டு நடுவே வந்தார். டாயல் வாசித்தார். தான் விட்டுப்போனவர் இன்னொருவர் தோளில் கைவைத்துச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே வாசிக்க வலிக்கத்தான் செய்தது.

மேடையைக் கடக்கும்போது நெல்டா குரல் கொடுத்தார்.

“கொஞ்சம் மெதுவா, டாயல். ஆர்விலுக்கு முட்டி வலி.”

மன்னிப்பா இது, தெரியாது. ஆனால் முப்பது வருஷத்துக்குப் பிறகு நெல்டா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒன்று கேட்டிருக்கிறார். டாயல் கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல், ஆர்விலின் முட்டிக்குத் தகுந்தபடி தாளத்தைக் குறைத்தார்.