என்டர் சாரின் ஒரே கோப்பு

எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தின் தலைமை எழுத்தரை எல்லோரும் ‘என்டர் சார்’ என்பார்கள். ஒரு பக்கத்தை முடித்தால், அடுத்த பக்கம் வரும்வரை என்டரைத் தட்டிக்கொண்டே இருப்பார். மாணவர்களின் சான்றிதழ்களை எல்லாம் ஒரே வேர்டு கோப்பில் அப்படித்தான் அடுக்கியிருந்தார். ஏன் என்று கேட்டால், “ஒண்ணா இருந்தா தேட வேணாம்ல?” என்பார். ஒருமுறை கணினி படுத்துவிட, எல்லாவற்றையும் தனியாளாக மறுபடி தட்டச்சு செய்தவர். அவரிடம் வாதாட முடியாது.

ஒரு நாள், மாலை ஐந்து மணிக்குள் ஒவ்வொருவரின் சான்றிதழையும் தனிக்கோப்பாக ஒரு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். தவறினால் யாருக்கும் நேர்காணல் இல்லை. ஒரு மாணவி காலையிலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அவருக்குக் கீழே இளைய எழுத்தரான நான், பக்கத்துக்கு ஒரு கோப்பாகத் தானே வெட்டும் மேக்ரோ என்ற குட்டி நிரல் ஒன்றை எழுதி ஓட்டினேன். திறந்து பார்த்தால், ஒருவரின் கோப்பின் உச்சியில், முந்தையவரின் சான்றிதழ் அடியில் இருக்க வேண்டிய நிலைய முதல்வரின் கையொப்பம்!

“சார், இதுல ஏதாவது தொட்டீங்களா?”

“சும்மா அங்கங்க அப்பா பேரு விட்டுப்போச்சு. சேர்த்தேன். சிலருக்கு ஒரு வரி, சிலருக்கு ரெண்டு.”

அந்த வரிகள் எல்லாப் பக்கங்களையும் கீழே தள்ளியிருந்தன. நான் ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது நழுவியது.

“இருப்பா, இங்க ஒரு தட்டு தட்டினா சரியாயிடும்” என்று குறுக்கே கை நீட்டித் தட்டினார். சரியாகியிருந்த பக்கமும் போயிற்று.

“அண்ணா, மணி நாலு ஆச்சு” என்றாள் மாணவி.

“அவசரப்படுத்தாதம்மா. தம்பி பட்டம் வாங்கினவரு.”

“சார், கையை எடுங்க!”

நினைத்ததைவிடச் சத்தமாகக் கத்திவிட்டேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வயதில் மூத்தவரிடம் ‘நீங்கள் செய்வது தப்பு’ என்று கத்தாமல் சொல்வது எப்படி என்று எந்தக் கல்லூரியும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பக்கக் கணக்கை விட்டேன். ஒவ்வொரு சான்றிதழும் ஒரே தலைப்பு வரியில்தானே தொடங்குகிறது? அந்த வரி வரும் இடத்தில் வெட்டு என்று மேக்ரோவை மாற்றினேன். கோப்புகள் ஒவ்வொன்றாக, கையொப்பம் மாறாமல் விழுந்தன. ஐந்துக்குள் அனுப்பியாயிற்று. மாணவி வாசல்வரை போய்த் திரும்பி, “சார், உங்களுக்கும் தேங்க்ஸ்” என்றாள்.

சார் மெல்ல வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

“இத்தனையா! நாளைக்கு முதல்வர் மாறினா, ஒவ்வொண்ணா தொறந்து பேரை மாத்தணுமா?”

அதற்கும் மேக்ரோ இருக்கிறது. ஆனால் சொல்லத் தொடங்கினால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.