முதல் ஊசி கிடாவுக்கு

ஊசி போடுகிறவர்களுக்கு ஊசியென்றால் பயம் இருக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் கிராம செவிலியராக இருந்தேன். சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு நான் ‘ஊசிக்காரம்மா’. என் மொபட் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியிலும் குதிருக்குப் பின்னாலும் பதுங்கிக்கொள்ளும். பன்றிக் காய்ச்சல் வந்த வருஷத்தில்தான், பதுங்குவதில் பிள்ளைகளையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறவர்கள் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது.

அந்த வருஷம் உலகம் பூராவும் அதே பேச்சு. கோவில்பட்டி பஸ்ஸில் ஒருவர் இரண்டு தரம் தும்மினால் போதும், பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். உட்கார்ந்து போவதற்காகவே தும்முகிறவர்களும் இருந்தார்கள். எங்கள் பக்கம் நோய் பெரிதாக வரவில்லை, பயம் மட்டும் நன்றாகவே வந்தது. அப்போதுதான் மருத்துவப் பணியாளர்களுக்கு முதலில் போட வேண்டும் என்று சொல்லி, ஐஸ் பெட்டியில் தடுப்பூசி மருந்து வந்து இறங்கியது.

ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து. திறந்துவிட்டால் அன்றைக்கே முடித்தாக வேண்டும். மிஞ்சினால் கொட்ட வேண்டும், கொட்டினால் மேலே பதில் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஆட்கள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! யாருமே ‘மாட்டேன்’ என்று சொல்லவில்லை. எல்லாரும் ‘நான் ரெடி’ என்றார்கள். ‘மத்தவங்களும் சேரட்டும், குப்பியை வீணாக்கக் கூடாதுல்லா’ என்றார்கள். அரசாங்க மருந்தின் மேல் இவ்வளவு அக்கறையை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

மருந்து கொடுக்கும் பார்மசிஸ்ட்டை ஊரே கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடும். அவர் தனியாகச் சிக்கியபோது கேட்டேன். “புது மருந்து தாயி. அவசர அவசரமாச் செஞ்சிருக்கான். கொஞ்ச நாள் போவட்டும்” என்றார். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த மாத்திரையை ‘பழசுதான் கேக்கும்’ என்று சொல்லிக் கொடுக்கிற மனுஷன் அவர். ஆம்புலன்ஸ் டிரைவருக்கு, கை வலித்தால் ஸ்டியரிங் பிடிக்க முடியாதாம். எனக்குச் சின்னவளான ஸ்டாஃப் நர்ஸ், கழுகுமலைக் கோயிலுக்கு விரதம் இருப்பதாகச் சொன்னாள். விரதத்துக்கும் ஊசிக்கும் என்னடி சம்பந்தம் என்று கேட்டதற்கு, “ரத்தம் வந்தா விரதம் கலைஞ்சிரும்லாக்கா” என்றாள். காலையில் கேண்டீனில் அவள் ஆம்லேட் சாப்பிட்டதை நான் பார்த்திருந்தேன்.

டாக்டர் மதுரைப் பக்கத்து இளைஞர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல மனசு, நல்ல கைராசி. அவர் மட்டும் காரணமே சொல்ல மாட்டார். நான் பேச்சை எடுத்தாலே, “போட்டுருவோம் சிஸ்டர், கண்டிப்பா போட்டுருவோம்” என்று சொல்லிக்கொண்டே எழுந்து வார்டுக்குப் போய்விடுவார். வார்டில் ஆளே இருக்காது.

இவர்களோடு எனக்கு மல்லுக்கட்டப் பிரியமில்லை. எனக்கு வேறு கவலை இருந்தது.

மாசி மாதம். கரிசலில் வெள்ளாமை எடுத்து முடிந்து, காடு வெறிச்சென்று கிடந்தது. செம்மறிக்காரர்கள் அந்தக் காடுகளில் கிடை போட்டிருந்தார்கள். பகலில் மேய்ச்சல், ராத்திரிக்கு ஆடுகளை வலைக்குள் அடைத்தால் காட்டுக்காரருக்கு உரம். இங்கே முடிந்ததும் மேற்கே சங்கரன்கோவில் பக்கம் வயல்களுக்குப் போய்விடுவார்கள். போனால் திரும்ப மாதங்கள் ஆகும். அந்தக் கிடையில் ஒரு கைக்குழந்தைக்கு மணல்வாரி என்கிற தட்டம்மைக்கான ஊசி போட வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் ஊசி மருந்தை ஊருக்குள் கொண்டுபோகக் கூடாது, பிள்ளையைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும்.

அது அந்தத் தாய்க்கு இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை போன வருஷம் அதே மணல்வாரியில் போய்விட்டது. ஊசி போட வாருங்கள் என்று அந்தப் பிள்ளைக்காகவும் நான் போய்ப் போய்க் கூப்பிட்டேன். வரவில்லை. செய்தி கேட்டு நான் போனபோது, அவள் கண்ணீர் வற்றிப்போய் வேலிமுள்ளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு மொபட்டை உருட்டிக்கொண்டே அழுதபடி ரோட்டுக்கு வந்தேன். இந்தப் பிள்ளையையும் விட்டுவிடக் கூடாது என்ற வைராக்கியம் அப்போது வந்ததுதான்.

அவள் புருஷன்தான் கிடைக்கு மூத்தவர். கோபக்காரர் இல்லை, ஆனால் ஒரு சொல்லில் நிற்கிறவர். இந்தத் தடவை நான் உட்கார்ந்து சண்டையே போட்டேன்.

“ஏன் அண்ணாச்சி, ஆட்டுக்கு அம்மை வரக்கூடாதுன்னு ஊசி போடுதீங்க. பெத்த பிள்ளைக்குப் போட மாட்டீங்களோ?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “ஆட்டுக்கு எப்படிப் போடுதோம்னு தெரியுமா உங்களுக்கு? முன்னால போற கெடா இருக்குல்லா, முதல் ஊசி அதுக்குத்தான். மறுநா அது தெம்பா மேஞ்சாத்தான் மத்ததைப் பிடிச்சுக் கொடுப்போம். போட்டதுக்கெல்லாம் அடையாளத்துக்கு முதுகில செங்காவி வச்சிருவோம். உங்களுக்கும் ஒரு ஊசி வந்திருக்காம்லா? டீக்கடையில பேப்பர் வாசிச்சாவ. உங்க ஆஸ்பத்திரி ஆளுவ எல்லாரும் போட்டுக்கிடட்டும். மறுநா மேஞ்சா, பிள்ளையைத் தூக்கிட்டு நானே வாரேன்.”

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே சொன்னார். பிள்ளையை மடியில் வைத்திருந்த அவள் என்னையே பார்த்தாள். வியாழக்கிழமை காலையில் கிடை கிளம்புகிறது. புதன்கிழமை ஆஸ்பத்திரியில் தடுப்பூசி நாள். “புதன்கிழமை வந்து பாருங்க” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமைக்குள் எல்லாருக்கும் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கெஞ்சினேன், திட்டினேன், அந்தப் பிள்ளையின் கதையைச் சொன்னேன். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். ஸ்டாஃப் நர்ஸ் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள். குப்பி ஐஸ் பெட்டியிலேயே சுகமாக இருந்தது.

புதன்கிழமை காலையில் சொன்ன சொல் தவறாமல் செம்மறிக்காரர் வந்து நின்றார். பின்னால் பிள்ளையோடு அவள். வெளிவராந்தாவில் வேறு தாய்மார்களும் பிள்ளைகளோடு இருந்தார்கள்.

“என்ன, எல்லாரும் போட்டாச்சா?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கம்பவுண்டர் முந்திக்கொண்டார். “போட்டாச்சு போட்டாச்சு. நேத்தே போட்டாச்சு. ஒண்ணும் செய்யலை, இந்தா பாரும், கல்லு மாதிரி இருக்கோம்.”

அவர் கம்பவுண்டரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு டிரைவரை. பிறகு ஸ்டாஃப் நர்ஸின் கையை.

“எங்கன காவி?” என்றார்.

கம்பவுண்டர் தன் முதுகைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

“ஆட்டுக்காரன்கிட்டயே பொய் சொல்லுதீரா?” என்று அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். “வா போவோம்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். அவள் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவர் பின்னால் போனாள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! உள்ளே போய் ஐஸ் பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்துவந்தேன். எல்லாரும் பார்க்க அதன் மூடியைக் கிள்ளி எறிந்தேன்.

“திறந்துட்டேன். இனி இன்னைக்கே முடிச்சாகணும். கொட்டினா மேல எல்லாரும் சேந்து பதில் சொல்லுவோம். ஏட்டி, இங்க வா. முதல்ல எனக்குப் போடு!”

இத்தனை நாளாக எந்த விதிக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்களோ, அந்த விதியே இப்போது கழுத்தைப் பிடித்தது. ஸ்டாஃப் நர்ஸ் எனக்கு ஊசி போட்டாள். எறும்பு கடித்த மாதிரி இல்லை, நன்றாகவே வலித்தது. என் சத்தத்தைக் கேட்டுச் செம்மறிக்காரரும் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்.

“பாத்தீங்களா அண்ணாச்சி?” என்றேன்.

“உங்களுக்கு ஊசி பழக்கம்மா. அது கணக்கில சேராது. இங்க கெடா எது?”

எல்லாருடைய கண்ணும் டாக்டர் அறைப் பக்கம் போனது. வாசலில் நின்றிருந்த டாக்டர் முகம் வெளுத்துப்போய் இருந்தது. நான் பக்கத்தில் போனதும் காதோடு சொன்னார்: “சிஸ்டர், எனக்கு ஊசி போட்டா மயக்கம் வந்துரும். சின்ன வயசுல இருந்தே. இத்தனை பேர் முன்னாடி விழுந்தா யார் என்னை டாக்டர்னு மதிப்பாங்க?”

இவ்வளவுதானா! ஒருபக்கம் சிரிப்பு வந்தது, ஒருபக்கம் பாவமாகவும் இருந்தது. நான் சொல்வதற்குள் செம்மறிக்காரரே விஷயத்தைப் புரிந்துகொண்டார். அவர் பார்க்காத பயமா! படியேறி வந்து டாக்டரைப் பெஞ்சில் உட்கார வைத்து, எதிரே குந்திக்கொண்டு, இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

“இங்கன பாருங்க சார். உங்க ஊர்ப்பக்கம் மழை உண்டுமா? புல்லு எப்படிக் கிடக்கு?”

“புல்லா… வைகைக் கரையில இருக்கும்” என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் நான் போட்டுவிட்டேன். டாக்டர் விழவில்லை. வராந்தாவில் இருந்த தாய்மார்கள் கைதட்டினார்கள். போலியோ சொட்டு மருந்து கொடுத்த பிள்ளைகளுக்குச் சுண்டுவிரலில் வைக்கிற மைப் பேனா மேஜையில் கிடந்தது. அதை எடுத்து டாக்டரின் சுண்டுவிரலில் பட்டையாக ஒரு கோடு போட்டேன். “இந்தா, எங்க காவி” என்று செம்மறிக்காரரிடம் காட்டினேன்.

அப்புறம் என்ன, மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். கம்பவுண்டர் சட்டைக் கையைத் தானே சுருட்டிவிட்டார். “மேய்ச்சலை நாளைக்குப் பாப்போம்” என்று சொல்லிவிட்டுச் செம்மறிக்காரர் பிள்ளைக்குப் போடாமலேயே போய்விட்டார். ஒரு சொல்லில் நிற்கிறவர் என்றுதான் சொன்னேனே.

மறுநாள் காலையில் எனக்குக் கை கனத்தது, உடம்பு லேசாகச் சுட்டது. அதைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. யாராவது ஒருவர் லீவு போட்டாலும் அந்தப் பிள்ளை ஊசி இல்லாமலே போய்விடும். டிரைவரை அனுப்பி ஆளாளுக்கு வீட்டில் போய்ச் சொல்லச் சொன்னேன்: காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துதான் படுக்க வேண்டும். எல்லாரும் வந்துவிட்டார்கள். முனகிக்கொண்டிருந்த கம்பவுண்டரிடம், “அவிய போற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருக்கணும்” என்றேன். பாவம், பல்வலிக்காரர் மாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெயில் ஏறியது. ஆளைக் காணோம். கிடை கிளம்பிவிட்டது போல என்று நான் மனசுக்குள் உடைந்து போனேன். அந்த நேரம் பார்த்து டிரைவர் யாரோ கொடுத்ததாகக் கடம்பூர் போளிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார். டாக்டர் ஒன்றைச் சுருட்டி வாயில் வைத்து, அடுத்ததைக் கையில் எடுத்தபோது, வாசலில் நிழல் தட்டியது.

அவர் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் மெல்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பிக் குரல் கொடுத்தார்.

“வாங்கட்டி எல்லாரும். கெடா மேயுது!”

கிடையிலிருந்த அத்தனை பெண்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அதற்காகத்தான் பயணத்தை ஒருநாள் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். டாக்டர் வாயில் போளியோடு சிரித்துவிட்டு, தடுப்பூசி நாள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மணல்வாரிக் குப்பியைத் திறங்கள் என்று எனக்குத் தலையசைத்தார். அந்தப் பிள்ளைக்குத்தான் முதலில் போட்டேன். வீரிட்டு அழுதது. அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. அதுவரை வாயே திறக்காத அவள், பிள்ளையின் சின்னஞ்சிறு சுண்டுவிரலைப் பிரித்து என் முன்னால் நீட்டினாள். அந்த ஊசிக்கு மை வைக்கிற வழக்கம் கிடையாது. இருந்தாலும் வைத்தேன்.

அடுத்த வெள்ளாமை முடிந்து கிடை திரும்பி வந்தபோது நான் போனேன். பக்கத்து ஊர்களில் மறுபடி மணல்வாரி ஓடிக்கொண்டிருந்த சமயம். என் மொபட் சத்தம் கேட்டதும் ஒரு பிள்ளை தத்தக்கா பித்தக்கா என்று நடந்து, ஆடுகளுக்கு நடுவே ஓடி ஒளிந்தது. அதன் சுண்டுவிரல் கறுப்பாக இருந்தது. நான் வைத்த மை எப்போதோ அழிந்திருக்க வேண்டுமே என்று பிடித்துப் பார்த்தேன். கண்மை.

“அழிய அழிய நாந்தான் வைக்கேன் யக்கா” என்றாள் அவள். “ராத்திரி அம்மை போடுத ஆத்தா இந்தப் பக்கம் வந்தாள்னா, இது போட்ட பிள்ளைன்னு அவளுக்குத் தெரியணும்லா.”