தோப்பின் மேல் விழுந்த சிவப்பு

வரைபடத்தில் கோடு போட்டுப் பிழைக்கிறவன் நான். ராஜபாளையத்தில் ஒரு மாடி அலுவலகம். நிலம் வாங்க நினைப்பவர்கள் போனில் திறந்து பார்க்கும் வரைபடத்துக்கு நிரல் எழுதுகிறோம். வீட்டுமனை என்றால் பச்சை, காடு என்றால் சிவப்பு. எல்லைப் புள்ளிகளை வரிசையாகக் கொடுத்துவிட்டால் நிரல் அவற்றை இணைத்து உள்ளே வண்ணம் பூசிவிடும்.

மலையடிவாரத்தில், செண்பகத்தோப்புப் பக்கத்துக் காட்டு எல்லை ஓடையை ஒட்டி வளைந்து வளைந்து போகும். அதனால் ஏகப்பட்ட புள்ளிகள். படம் திறக்க நேரமாகிறது என்று மேனேஜர் தினமும் உயிரை வாங்கினார். புள்ளிகளைக் குறைக்க ஒரு வழி உண்டு. சின்ன வளைவுகளை நேர்கோடாக்கிவிடலாம். எவ்வளவு பெரிய வளைவு வரை நேராக்கலாம் என்று ஓர் எண் கொடுத்தால் போதும். நான் தாராளமாகவே கொடுத்தேன். ராஜபாளையம் டவுனை மட்டும் திறந்து பார்த்தேன், பளிச்சென்று வந்தது. அடிவாரத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. அங்கே எவன் நிலம் வாங்கப் போகிறான் என்ற திமிர். மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார், வெட்கமில்லாமல் குடித்தேன்.

சில மாதம் கழித்து அண்ணன், அடிவாரத்தில் தன் பங்குக்கு வந்த தென்னந்தோப்பை விற்க முடிவு செய்தார். அண்ணிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அடிவாரத்து ஊரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, பஸ் மாறி, ராஜபாளையம் போக வேண்டும். திரும்பும்போது பல நாள் உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்தபடி நிற்பார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு, அண்ணன் கேட்டது அவ்வளவுதான்.

வாங்க வந்தவர் செட்டியார்பட்டிக்காரர். தோப்பு நடுவில் நின்று போனில் எங்கள் வரைபடத்தைத் திறந்தார். அவர் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி சிவப்புக்குள் கிடந்தது.

"அண்ணாச்சி, இது காட்டுக்குள்ளல்லா காட்டுது?"

"பட்டா எங்கிட்ட இருக்கு. ஓடைக்கு அங்கிட்டுதான் காடு."

"இருக்கட்டும். எனக்கு எதுக்கு வம்பு? நான் வாரேன்."

அண்ணன் அந்தப் படத்தை அவர் போனிலிருந்து வாங்கி எனக்கு அனுப்பினார். தோப்பைச் சுற்றி ஓடை வளையும் இடத்தில் என் கோடு நேராகக் குறுக்கே போயிருந்தது. செத்த நேரத்தில் திருத்திவிட்டேன். என்ன பிரயோஜனம்? சிவப்புப் படம் அதற்குள் வாட்ஸ்அப்பில் எல்லாத் தரகர்களுக்கும் போயிருந்தது. அடுத்து வந்தவர், "முந்தி செவப்பா இருந்துச்சே, ஆள் வச்சு மாத்துனீயளா?" என்று அண்ணனையே கேட்டாராம். அதன்பின் ஒருவரும் வரவில்லை.

அண்ணன் என் வீட்டுக்கு வந்தார்.

"ஏலே, நீயும் இந்த வேலைலதான இருக்க. எந்தப் பய இதப் போட்டான்னு விசாரிச்சுச் சொல்லு. நாலு வார்த்தை நல்லாக் கேக்கணும்."

"நாந்தாண்ணே போட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை.

"கோடு போடும்போது நம்ம தோப்புன்னு தெரியலையாலே?"

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஓடையில் குளித்து வளர்ந்தவன் நான். பார்க்கவே இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

"சரி, காலைல ஒங்க மதினிக்கு ஆஸ்பத்திரி. மொத பஸ்ஸப் பிடிக்கணும்" என்று எழுந்து போய்விட்டார்.