ஊரான் காலைப் பிடித்த கதை

வலிக்கிற இடமாகப் பார்த்துக் கை வைத்து, இன்னும் கொஞ்சம் வலிக்க வைத்துவிட்டு, "நாளைக்கும் வர்றேன்" என்று சொல்லிக் கிளம்புகிற தொழில் எங்களுடையது. பிசியோதெரபி என்று பெயர். முட்டியிலோ தோளிலோ இடுப்பிலோ ஒரு பிடிப்பை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிற அன்பர்களே, என்னைப் போன்ற ஒருத்தியிடம் நீங்களும் மாட்டியிருப்பீர்கள். என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டவர்கள்கூட உண்டு.

கொஞ்ச நாளாக எனக்கு மவுசு கூடியிருக்கிறது. போன மாதம் புவனகிரியில் ஒரு கல்யாணம். பந்தியில் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் செய்யப் போகிற காலத்தில் பிள்ளைகளை எதில் சேர்ப்பது என்று இருவரும் என்னிடம் யோசனை கேட்டார்கள். "ஒன் வேலைய எந்த மிஷினாலயும் ஒண்ணும் பண்ண முடியாதும்மா, நீ குடுத்து வெச்சவ" என்றார் ஒருவர். போன வருடம் என் வேலை போகப் பார்த்த கதை அவருக்குத் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன், பாயசம் வந்துவிட்டது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

துக்கம் விசாரித்தார்கள்

டாக்டர் படிப்புக்கு எனக்கு மார்க் போதவில்லை. சிதம்பரத்தில் பிசியோதெரபியில் இடம் கிடைத்தது. அந்தப் பெயரை வீட்டில் யாருக்கும் ஒழுங்காகச் சொல்ல வராது. கேட்டவர்களிடம் அப்பா, "ஆஸ்பத்திரி சம்பந்தமா ஏதோ படிக்கிறா" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் தம்பி ஏழுமலை மாமாவுக்கு நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் வேலை. ஷிப்ட் முடிந்த கையோடு கடலூருக்கு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் மகன் செந்திலுக்கும் என் வயதுதான். அவனுக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்துக்கு லட்டு வாங்கி வந்திருந்தார், என் நிலைமைக்கு முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார். லட்டை எடுத்து அப்பா கையில் கொடுத்துவிட்டுத் தோளைத் தட்டிச் சொன்னார்: "வுடுங்க மச்சான். செந்திலு ஏசி ரூம்ல ஒக்காரப் போறான். தேவி ஊரான் காலப் புடிக்கப் போவுது. அவுங்கவுங்க தலையெழுத்து."

கீரப்பாளையத்துத் தோள்

சிதம்பரத்து நாள்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மெழுகு வாசனைதான். விரல் மடங்காதவர்களுக்கு ஒத்தடம் கொடுக்க மெழுகை உருக்கி வைத்திருப்போம். நோயாளி கிடைக்காத நாளில் எங்கள் கைகளையே முக்கி எடுத்துக்கொண்டு கதை பேசுவோம். ஒருத்தி தோளை ஒருத்தி திருகித்தான் பாடம் படித்தோம். சாயங்காலம் அந்த வலியோடு கீழவீதியில் நடந்து போய் டீ குடிப்போம். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை.

என் கைக்கு வந்த முதல் நோயாளி கீரப்பாளையத்து அம்மா ஒருவர். தோள் இறுகிப்போய்க் கை காதுவரைகூட எழவில்லை. சுவரில் விரல்களால் மேலே மேலே ஏறச் சொல்லிக் காட்டிக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வழிய ஏறினார். புத்தகத்தில் படித்ததை ஒப்பித்தேன்: ஒரு மாதம் குனிந்து வேலை செய்யக் கூடாது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "கை வலிக்குதுன்னு நடவு நிக்குமா? நீ கையப் பாரு. நடவ நான் பாத்துக்கறேன்."

ஜன்னலை இழுத்தவர்

படிப்பு முடிந்து கடலூரில் ஒரு கிளினிக்கில் சேர்ந்தேன். அப்போது என்னிடம் ஸ்கூட்டர் கிடையாது. டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து மீனவர் குடியிருப்புக்குப் போவேன். அங்கே அஞ்சாப்புலி என்று ஒருவர். தோளில் ஆபரேஷன் ஆகியிருந்தது. படகில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டதில் மனிதர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

தோளுக்குப் பலம் வர ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்க வேண்டும். ஒரு வாரம் அவர் அதைத் தொடவே இல்லை. நான் விடாமல் போய் நின்றேன். வேறு வழியில்லாமல் ஒரு நாள் எழுந்து, காலை அகட்டி ஊன்றி, வலை இழுக்கிற மாதிரியே இழுக்க ஆரம்பித்தார். புத்தகத்தில் போட்டிருந்த படத்தைவிட அது சரியாக இருந்தது. வாசலில் நின்ற அவர் மனைவி சிரித்துவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று பிறகு சொன்னார். அஞ்சாப்புலி மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். "நானும் அப்பலேருந்து இழுக்கறேன். இந்த ஜன்னலு எப்பம்மா கரைக்கு வரும்?"

மரியாதை தெரிந்த போன்

போன வருடம் கிளினிக்குக்கு ஒரு செயலி வந்தது. போனை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தினால் போதும். கால் எவ்வளவு மடங்குகிறது, கை எவ்வளவு எழுகிறது என்று கேமராவில் பார்த்து, எண்ணி, நல்ல தமிழில் பாராட்டும். எங்கள் டாக்டர் இளைஞர், நல்லவர். என்னை உட்கார வைத்து, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். இது சரிப்பட்டு வந்தால் பொங்கலுக்குப் பிறகு வீடு வீடாகப் போகிற வேலை இருக்காது. நான் பார்ப்பது அந்த வேலைதான். டீயைக் குடித்து முடித்தேன்.

அதை முதலில் சிதம்பரம் சரோஜா டீச்சர் வீட்டில் வைத்தோம். அவருக்கு முட்டியில் மூட்டு மாற்றியிருந்தது. தேர்வு அறையில் காப்பி அடிப்பவர்களைப் பிடிப்பதில் டீச்சருக்குப் பெரிய பெயர். செயலி தினமும் 'அருமையான முன்னேற்றம்' என்று கிளினிக்குக்குத் தகவல் அனுப்பியது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். போய்க் காலை மடக்கினேன். போன மாதம் எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. சமையலறைப் பக்கம் பார்த்தேன். வேலை செய்கிற கஸ்தூரி, டீச்சரின் நைட்டியைப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றாள். டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "அது தெனம் வாங்க போங்கன்னு அவ்ளோ மரியாதையாக் கூப்புடுதும்மா. முடியலன்னு சொல்ல சங்கடமா இருந்துச்சி. அதான் கஸ்தூரிய நிக்க வெச்சேன்."

வேலை தப்பித்தது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் வரைக்கும் ஜன்னலில் காற்று நன்றாக இருந்தது. டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்தார். பிறகு போனில் யாரிடமோ பேசிவிட்டுச் சொன்னார்: "ஆள் மாறுனா கண்டுபுடிக்கிற மாதிரி அடுத்த அப்டேட் வருதாம் மேடம்."

நம்பாத ஆள்

அந்த ஐப்பசியில் ஏழுமலை மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. நெல்லிக்குப்பத்து வீடுகளை எல்லாம் கிளினிக் அதற்குள் செயலிக்கு மாற்றியிருந்தது. செந்தில் வீட்டில்தான் இருந்தான். பெங்களூரில் அவன் குழு செய்த வேலையை இப்போது ஒரு மென்பொருள் செய்கிறதாம், எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். பழைய லட்டைச் சொல்லிக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. அவனே போனை நிறுத்தி, அப்பாவைத் துடைத்து, உட்கார வைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் அனுப்பாமல் நானாகப் போனேன். பக்கவாதத்தில் ஆரம்ப மாதங்கள்தான் முக்கியம். அந்த மாதங்கள் வீணாகப் போய்க்கொண்டிருந்தன. நின்று பழகும் நேரம் வந்ததும் செயலி, 'வலிக்கிறதா?' என்று கேட்டது. மாமா நல்ல கையால் திரையில் இருந்த அழுகிற முகப் பொம்மையைத் தொட்டார். 'இன்று ஓய்வெடுங்கள், நாளை முயலலாம்' என்றது. மாமா நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். ஆள் மாறவில்லை, வேறு ஏமாற்றும் இல்லை. இப்படியே மாமா நாற்காலியோடு ஒட்டிக்கொண்டுவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

போனை அணைக்கச் சொன்னேன். கீழே உட்கார்ந்து அவர் இடது பாதத்தை இரண்டு கையாலும் எடுத்துத் தரையில் ஊன்றி அழுத்தினேன். ஊரான் கால் என்று அன்றைக்கு அவர் சொன்னது காதில் கேட்டது. "வலிக்குது புள்ள" என்றார். "எங்க?" என்றேன். சொல்லத் தெரியவில்லை. "அது வலி இல்ல மாமா, பயம். எழுந்திரிங்க" என்றேன். என்னைத் திட்டினார், எங்கள் அப்பாவைத் திட்டினார், அம்மா வீட்டு வம்சத்தையே திட்டினார், அதில் அவரும் அடக்கம். திட்டிக்கொண்டே எழுந்து நின்றார். கால் நடுங்கியது. நானும் அழுதேன், அவரும் அழுதார், செந்தில் வெளியே போய்விட்டான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு நெல்லிக்குப்பம்தான்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மாமா கோலூன்றிக் கிளினிக்குக்கு நடந்து வந்தார். டாக்டர் எழுந்து வந்து பார்த்தார். "வீட்ல ஆப் போட்டுக் குடுத்தமே, அது எப்படி இருந்துச்சி?" என்று கேட்டார். என் வேலை அந்தப் பதிலில் இருந்தது மாமாவுக்குத் தெரியாது. நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது தங்கமான புள்ள டாக்டர். வலிக்குதுன்னா ஒடனே நம்பிடுது. இதோ நிக்கிறாளே, இவ நம்ப மாட்டா. எனக்கு, நான் சொல்றத நம்பாத ஆளு ஒண்ணு வேணும்."

ஆகவே, எந்த வேலை நிலைக்கும் என்று பந்தியில் கேட்டவர்களுக்கு நான் சொல்ல விட்டுப்போன பதில் இதுதான்: எதிரில் இருப்பவர் சொல்வதை நம்பாமலும் அவர் கையை விடாமலும் நிற்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்களே, அந்த வேலை இந்தப் பொங்கலையும் தாண்டிவிட்டது.